லாகின் கேட்கும் இடத்தில் டெபியன் பதிப்பைக் காட்டுவது எப்படி? காட்டலாமா?

கரும்பலகை | திங்கள், காலை 9.40

வணக்கம். ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 46 கணினிகள், எல்லாம் லினக்ஸ். சிலவற்றில் டெபியன் 11, சிலவற்றில் 12, ஜன்னலோர வரிசை முழுக்க உபுண்டு 22.04. எல்லாமே டெக்ஸ்ட் திரையில்தான் திறக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாக் கணினியிலும், லாகினுக்கு மேலே வரும் வாசகம் இருக்கும் /எட்சி/இஷ்யூ கோப்பை அழித்துக் கல்லூரிப் பெயரை மட்டும் போட்டு வைத்திருக்கிறார். அதனால் எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு என்று லாகின் செய்த பிறகுதான் தெரிகிறது. செய்முறைத் தேர்வு நாளில் மாணவர்கள் தவறான கணினியில் உட்கார்ந்து, பிறகு எழுந்து மாறி, பத்து நிமிடம் போய்விடுகிறது.

நேற்று 27ஆம் கணினியில் மட்டும் முயன்று பார்த்தேன். இணையத்தில் கிடைத்த வரியை அப்படியே போட்டேன்: "டெபியன் ஜிஎன்யூ/லினக்ஸ் 12", அதன் பிறகு பின்சாய்கோடு என், பின்சாய்கோடு எல். திரையில் கணினிப் பெயரும் டிடிஒய்1 என்ற திரை எண்ணும் அழகாக வந்தன. அப்புறம் எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது வேறு கணினியிலிருந்து வலைவழியாக, வருபவர்களுக்கும் தெரியட்டும் என்று எஸ்எஸ்ஹெச் சேவையகத்தின் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்கில் பேனர் என்ற இடத்தில் இதே கோப்பைக் காட்டினேன். அங்கே பார்த்தால் பின்சாய்கோடும் எழுத்தும் அப்படியே நிற்கின்றன. என்ன தப்பு செய்தேன்?

இரவுப்பணி | திங்கள், காலை 10.15

கோப்பு சரிதான். அதை வாசிக்கிற ஆள் வேறு.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கும் திரையில் லாகின் கேட்பது ஏகெட்டி என்ற நிரல். அது /எட்சி/இஷ்யூவைத் திறந்து, பின்சாய்கோடு வரும் இடத்தில் நின்று, அடுத்த எழுத்து என்ன என்று பார்த்து அதற்குரிய விவரத்தை நிரப்பும். சிறிய என் வந்தால் கணினிப் பெயர், சிறிய எல் வந்தால் எந்த டிடிஒய், சிறிய ஆர் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எண், சிறிய எம் வந்தால் ப்ராசஸர் வகை, 4 என்ற எண் வந்தால் ஐபி முகவரி. எஸ்எஸ்ஹெச்டிக்கு இந்தப் பாஷை தெரியாது. பேனர் என்று எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஓர் எழுத்து மாற்றாமல், கடவுச்சொல் கேட்பதற்கு முன்னால் அனுப்பிவிடும்.

பக்கத்திலேயே /எட்சி/இஷ்யூ.நெட் என்று இன்னொன்று இருக்கும். அது எஸ்எஸ்ஹெச்சுக்கு முந்தைய டெல்நெட் காலத்தில் வந்தது. டெல்நெட் சேவையகம் அதில் விழுக்காட்டுக் குறி போட்ட எழுத்துகளை நிரப்பும். எஸ்எஸ்ஹெச்டி அதையும் நிரப்பாது. இன்று அந்தக் கோப்பை எஸ்எஸ்ஹெச் பேனருக்குப் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர், ஆனால் வெறும் எழுத்தாகத்தான் போக வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் "12" என்று கையால் எழுதியிருக்கிறீர்கள். "டெபியன் ஜிஎன்யூ/லினக்ஸ் 12" என்பதை முழுவதும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பின்சாய்கோடும் பெரிய எஸ்ஸும் போடுங்கள். ஏகெட்டி /எட்சி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைப் படித்து, அதிலிருக்கும் ப்ரெட்டி நேம் வரியை எடுத்துப் போடும். டெபியன் 12 என்றால் "டெபியன் ஜிஎன்யூ/லினக்ஸ் 12 (புக்வோர்ம்)" என்று தானாக வரும். உபுண்டு கணினியில் உபுண்டு பெயர் வரும். 46 கணினிக்கும் ஒரே கோப்பு போதும். சிறிய எஸ் போட்டுவிடாதீர்கள், அது வெறுமனே "லினக்ஸ்" என்று மட்டும் சொல்லும்.

சோதிக்க ரீபூட் வேண்டாம். ஏகெட்டி கட்டளையை ஷோ-இஷ்யூ என்ற விருப்பத்தோடு கொடுத்தால் என்ன வரப்போகிறது என்று அங்கேயே காட்டும். ரீலோடு விருப்பம் கொடுத்தால், இன்னும் யாரும் பெயர் அடிக்கத் தொடங்காத திரைகளில் எல்லாம் புது வாசகம் வந்துவிடும்.

தாழ்ப்பாள் | திங்கள், காலை 11.02

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், ஆனால் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. பதிப்பு எண்ணை லாகினுக்கு முன்னால் காட்டக் கூடாது. உள்ளே வர உரிமை இருக்கிறதா என்று இன்னும் தெரியாத ஒருவரிடம், நம் வீட்டுப் பூட்டு எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து மாடல் என்று ஏன் சொல்ல வேண்டும்?

இது என் சொந்தப் பயம் மட்டும் இல்லை. சிஐஎஸ் பெஞ்ச்மார்க் என்ற பாதுகாப்பு வழிகாட்டியின் லினக்ஸ் பகுதியில் இஷ்யூ, இஷ்யூ.நெட், லாகினுக்குப் பிறகு வரும் வாசகமான எம்ஓடிடி மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி, பின்சாய்கோட்டோடு எம், ஆர், எஸ், வி எதுவும் அதில் இருக்கக் கூடாது, இயங்குதளப் பெயரும் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக, 644 அனுமதியில் இருக்க வேண்டும் என்பதும் அதே பகுதியில் வரும். அமெரிக்க ராணுவத் துறைக் கணினிகளில் அந்த இடத்தில் இருப்பது பதிப்பு எண்ணே இல்லை, "நீங்கள் அரசுத் தகவல் அமைப்பில் நுழைகிறீர்கள்" என்று தொடங்கும் நீளமான அறிவிப்பு.

கல்லூரி ஆய்வகம்தானே என்று விடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் வெளியிலிருந்து வந்த தணிக்கைக் குழு முதலில் பார்த்ததே அந்த வரிகளைத்தான்.

கரும்பலகை | திங்கள், காலை 11.30

இரவுப்பணி அண்ணா, பெரிய எஸ் வேலை செய்கிறது. ரொம்ப நன்றி.

தாழ்ப்பாள் அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் என் ஆய்வகத்தில் திரைக்கு முன்னால் உட்காருகிறவர் ஏற்கெனவே கதவைத் திறந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் வருகிறார். அவருக்குத் தெரியாமல் இருப்பதில் யாருக்கு லாபம்?

பனங்காடு | திங்கள், மதியம் 1.20

காட்டலாமா வேண்டாமா என்பதை நீங்கள் பேசி முடியுங்கள். நான் ஒன்றே ஒன்று சொல்ல வந்தேன். காட்டுவதென்றால் உண்மையைக் காட்டுங்கள். கோப்பில் மாறாமல் நின்ற எண் எனக்கு ஓர் இரவைத் தின்றது.

டெபியனில் /எட்சி/இஷ்யூ, பேஸ்-ஃபைல்ஸ் தொகுப்போடு வரும் அமைப்புக் கோப்பு. நீங்கள் அதில் ஒரு எழுத்து மாற்றியிருந்தாலும், அடுத்த பெரிய மேம்பாட்டில், தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி நின்று கேட்கும்: புதிய கோப்பைப் போடவா, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா? வெறும் என்டர் தட்டினால் உங்களுடையது அப்படியே இருக்கும். நாங்கள் முன்பொரு முறை அதில் கைபேசி எண் ஒன்றைச் சேர்த்திருந்தோம். 11இலிருந்து 12க்குப் போகும்போது இந்தக் கேள்வி வந்தது, நான் என்டர் தட்டினேன். நூற்றுக்கணக்கான தொகுப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கோப்பைப் பற்றிய கேள்வியை யார் யோசித்துப் படிக்கிறார்கள்?

மூன்று மாதம் கழித்து இரவு ஷிப்டில் ஒரு தம்பி. ஏதோ நிறுவ வேண்டும், திரையைப் பார்க்கிறான், "டெபியன் ஜிஎன்யூ/லினக்ஸ் 11" என்று இருக்கிறது. தொகுப்புகள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்ஸஸ் பட்டியலைத் திறந்தால் புக்வோர்ம் என்று இருக்கிறது. யாரோ தவறுதலாக 12இன் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, பொறுப்பாக எல்லா வரியையும் 11இன் பெயரான புல்ஸ்ஐ என்று திருத்தி அப்டேட் கொடுத்துவிட்டான். அதன் பிறகு எதை நிறுவப் போனாலும் சார்புத் தொகுப்பு பொருந்தவில்லை என்று வந்துகொண்டே இருக்கிறது. அவனாகச் சில தொகுப்புகளைப் பழைய பதிப்புக்கு இறக்கிப் பார்த்தான். எனக்கு போன் வந்தபோது மணி ஒன்றே கால். விடியும்வரை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினோம்.

அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கணினி தன்னைப் பற்றிச் சொன்னதை அவன் நம்பினான். அந்த வரி அங்கே இல்லாமலே இருந்திருந்தால் ஓஎஸ்-ரிலீஸைத் திறந்து பார்த்திருப்பான், அதில் 12 என்று சரியாகவே இருந்தது. ஓஎஸ்-ரிலீஸின் மூலக் கோப்பு /யூஎஸ்ஆர்/லிப் அடியில் இருக்கிறது, எட்சியில் இருப்பது அதற்கான இணைப்பு மட்டும். மேம்படுத்தும்போது கேள்வி கேட்காமல் புதிதாகிவிடும். இரவுப்பணி சொன்ன பெரிய எஸ் அங்கிருந்துதான் படிக்கிறது. அதனால்தான் அது நம்பத்தக்கது.

வடக்குவாசல் | திங்கள், மாலை 4.05

பனங்காடு சொன்னதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. பழைய ரெட் ஹாட் லினக்ஸில் ஆர்சி.லோக்கல் என்ற தொடக்க ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பூட்டிலும் /எட்சி/இஷ்யூவைப் புதிதாக எழுதிவிடும். நாம் எழுதியது காணாமல் போகும். கோப்பை மாற்ற வேண்டுமென்றால் ஆர்சி.லோக்கலிலேயே மாற்று என்று அதிலேயே குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். இன்றைக்கு மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸில் அதே கதை. பிவிஇபேனர் என்ற சேவை பூட் ஆகும்போது இணைய முகவரியையும் 8006 போர்ட்டையும் போட்டு அந்தக் கோப்பை எழுதும்.

உங்கள் வாசகத்தை முதன்மைக் கோப்பில் போடாமல் /எட்சி/இஷ்யூ.டி அடைவுக்குள் தனிக் கோப்பாக, பெயர் .இஷ்யூ என்று முடிகிற மாதிரி வைத்தால் இந்தச் சண்டை இல்லை. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8இல் காக்பிட் என்ற நிர்வாகக் கருவி தன் வரியை அப்படித்தான் சேர்க்கிறது.

இரவுப்பணி | திங்கள், இரவு 11.48

தாழ்ப்பாளின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று வேலைக்கு வந்ததும் உட்கார்ந்தேன்.

திரைக்கு முன்னால் இருப்பவரையும் வலைவழியாக வருபவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முன்னவர் நம் அறைக்குள் இருக்கிறார். பின்னவர் உலகத்தில் எங்கிருந்தும் இருக்கலாம். எஸ்எஸ்ஹெச் பேனரில் இயங்குதளப் பெயர் வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சி.

ஆனால் பேனரை அழித்துவிட்டால் மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. நெட்கேட் கட்டளையால் எஸ்எஸ்ஹெச்சின் 22ஆம் போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். பேனருக்கும் முன்னால், எதுவும் கேட்காமலே, எஸ்எஸ்ஹெச்-2.0, ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.2பி1, டெபியன்-2+டெப்12யூ3 என்று ஒரு வரி வந்து விழும். எஸ்எஸ்ஹெச் நெறிமுறையைச் சொல்லும் ஆர்எஃப்சி 4253 படி இரண்டு பக்கமும் இந்த அடையாள வரியைப் பரிமாறித்தான் ஆக வேண்டும். எதிரே இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துத்தான் பழைய பதிப்புகளின் கோளாறுகளுக்கு ஏற்ப நடந்துகொள்கிறார்கள், அதனால் ஓபன்எஸ்எஸ்ஹெச் எண்ணை நீக்க அமைப்பு எதுவும் கொடுப்பதில்லை. கடைசியில் ஒட்டியிருக்கும் டெபியன் பகுதியை மட்டும் டெபியன்பேனர் என்ற அமைப்பில் நோ போட்டு எடுக்கலாம்.

எடுக்கலாம், ஆனால் நான் எடுப்பதில்லை. 2024 ஜூலை 1 அன்று ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் பாதுகாப்பு ஓட்டை சிவிஇ-2024-6387 வெளியானது நினைவிருக்கும், ரெக்ரெஷன் என்று பெயர் வைத்தார்கள். 8.5பி1 முதல் 9.7பி1 வரை பாதிப்பு, 9.8பி1இல் சரியானது. டெபியன் 12இல் இருப்பது 9.2பி1. டெபியன் ஆட்கள் எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்த்து டெப்12யூ3 என்று வெளியிட்டார்கள். அதாவது திருத்திய கணினியும் திருத்தாத கணினியும் இரண்டுமே 9.2பி1 என்றுதான் சொல்லும். வித்தியாசம் தெரிவது அந்த வாலில் மட்டும். அன்றைக்கு எங்களிடம் இருந்த இருநூற்றுச் சொச்சம் சேவையகங்களில் எதில் இன்னும் திருத்தத்துக்கு முந்தைய யூ2 இருக்கிறது என்று ஒரே ஸ்கேனில் பிரித்து எடுத்தோம். வாலை வெட்டி வைத்திருந்த ஒரு பிரிவில் மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. டெபியன் 11 வைத்திருந்தவர்களுக்கு அன்று கவலையே இல்லை, அதில் இருந்தது 8.4பி1.

தாழ்ப்பாள் | செவ்வாய், காலை 8.10

நீங்கள் சொன்ன அதே வாரத்தில் எங்களுக்கும் ஒன்று நடந்தது. தணிக்கை அறிக்கையில் 14 சேவையகங்கள் "பாதிப்புக்குள்ளானவை" என்று சிவப்பில் வந்தன. எல்லாமே திருத்தியவை. நான்தான் வாலை எடுத்து வைத்திருந்தேன், ஸ்கேனர் 9.2பி1 என்பதை மட்டும் பார்த்துவிட்டது. ஒவ்வொன்றிலும் டிபிகேஜி வெளியீட்டை எடுத்து ஆதாரமாக அனுப்பித்தான் அந்தச் சிவப்பு போனது. அன்று அதை மறைத்ததன் விலை என்று நினைக்கத் தோன்றவில்லை, ஸ்கேனரின் குறை என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது யோசிக்கிறேன்.

சரி, உள் திரையில் காட்டுவதை ஏற்றுக்கொள்கிறேன். பேனரில் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. பேனர், பிழைச் செய்திகள் வரும் ஸ்டாண்டர்ட் எரர் வழியாக வரும். க்ரானில் நேரம் வைத்துத் தானாக ஓடும் கோப்பு நகல் கட்டளைகளான ஆர்சிங்க், எஸ்சிபி எல்லாவற்றிலும் அந்த வாசகம் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு இரவும் அஞ்சல் வந்து குவியும். அனுப்பும் பக்கத்தில் லாக்லெவலை எரர் என்று வைத்தால் நிற்கும்.

மின்மினி | செவ்வாய், காலை 9.25

ஒரு கேள்வி. இந்த வாசகத்தைத் தமிழில் போட முடியுமா? எங்கள் பள்ளிக் கணினிகளில் "இது டெபியன் 12, உங்கள் பெயரை உள்ளிடவும்" என்று போட்டுப் பார்த்தேன். கட்டம் கட்டமாக வந்தது.

வடக்குவாசல் | செவ்வாய், காலை 9.50

லினக்ஸ் கன்சோலில் வராது. அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான் வைக்கலாம், அதைவிட முக்கியம், எழுத்தையும் குறியையும் சேர்த்து வடிவம் அமைக்கும் வேலை அதற்குத் தெரியாது. "கொ" என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேஎம்எஸ்கான், எஃப்பிடெர்ம் போன்ற மாற்றுக் கன்சோல்களை முயலலாம், ஆனால் பள்ளிக் கணினிகளில் அதை நிறுவிப் பராமரிப்பது தனி வேலை.

எஸ்எஸ்ஹெச் பேனரில் தமிழ் வரும், ஏனென்றால் வரைவது உங்கள் பக்கத்து டெர்மினல். லோகேல் என்ற மொழி அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். அது சி என்று இருந்தால் தமிழுக்குப் பதில் பின்சாய்கோடு 340, பின்சாய்கோடு 256 என்று எண்களாகக் கொட்டும். அதைப் பார்த்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், நம் எழுத்துகளின் பைட்டுகள்தான் அவை.

மின்மினி | செவ்வாய், காலை 10.02

அந்த 340, 256 எனக்கும் வந்தது! அதனால்தான் கோப்பை இரண்டு முறை அழித்து எழுதினேன். நன்றி.

கடலோரம் | செவ்வாய், மதியம் 12.30

லினக்ஸ் அல்லாமல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் வைத்திருப்பவர்கள் இஷ்யூவைத் தேட வேண்டாம். அங்கே /எட்சி/கெட்டிடேப் கோப்பில் ஐஎம் என்ற இடத்தில் வாசகம் இருக்கிறது. இயல்பாக "ஃப்ரீபிஎஸ்டி/ஏஎம்டி64", கணினிப் பெயர், டிடிஒய் மட்டும் வரும், பதிப்பு எண் வராது. பதிப்பு லாகினுக்குப் பிறகு எம்ஓடிடியில் தெரியும். 13 முதல் /எட்சி/எம்ஓடிடி.டெம்ப்ளேட்டை மாற்ற வேண்டும், பதிப்பு வரியை அமைப்பே மேலே சேர்த்துக்கொள்ளும்.

கரும்பலகை | செவ்வாய், மதியம் 2.15

எஸ்எஸ்ஹெச்சில் வருபவர்களுக்கு லாகினுக்குப் பிறகு காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். டெபியனில் இப்போது வரும் எம்ஓடிடியில் கெர்னல் எண் மட்டும்தான் வருகிறது, டெபியன் 12 என்று எங்கும் இல்லை. /எட்சி/அப்டேட்-எம்ஓடிடி.டி அடைவில் "20-பதிப்பு.எஸ்ஹெச்" என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் வைத்து, ஓஎஸ்-ரிலீஸைப் படித்து ப்ரெட்டி நேமை எக்கோ செய்யும் இரண்டு வரி ஸ்கிரிப்ட் போட்டேன். கையால் ஓட்டினால் வருகிறது. லாகின் செய்தால் வரவில்லை. இயக்க அனுமதியும் கொடுத்துவிட்டேன்.

பனங்காடு | செவ்வாய், மதியம் 2.31

பெயரில் புள்ளி இருக்கிறது தம்பி. அந்த அடைவில் இருப்பதை ஓட்டுவது ரன்-பார்ட்ஸ் என்ற கட்டளை. கடைசியில் புள்ளி எஸ்ஹெச் என்று இருந்தால் எதுவும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். புள்ளியையும் அதன் பின்னால் இருப்பதையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்தக் கெர்னல் வரியை நீக்கிவிடாதீர்கள். உள் திரையிலும் பெரிய எஸ்ஸுக்குக் கீழே சிறிய ஆர் போட்டு ஒரு வரி சேருங்கள். இரண்டும் இரண்டு வேறு கேள்விக்குப் பதில். பெரிய எஸ் சொல்வது வட்டில் நிறுவியிருப்பது. சிறிய ஆர் சொல்வது இந்த நிமிடம் நினைவகத்தில் ஓடுவது. டெபியன் 11இன் கெர்னல் 5.10, 12இன் கெர்னல் 6.1. மேல் வரியில் 12 என்றும் கீழ் வரியில் 5.10 என்றும் இருந்தால், மேம்படுத்திய யாரோ ரீபூட் செய்யாமல் போயிருக்கிறார்கள்.

கரும்பலகை | புதன், மாலை 5.45

46 கணினியிலும் போட்டுவிட்டேன். /எட்சி/இஷ்யூ.டி அடைவில் ஒரே கோப்பு, நான்கு வரி. முதல் வரியில் கல்லூரிப் பெயர், அது இருந்தபடியே இருக்கட்டும். இரண்டாவது வரியில் பெரிய எஸ். மூன்றாவது வரியில் "கெர்னல்" என்ற சொல்லும் சிறிய ஆரும். நான்காவது வரியில் கணினிப் பெயரும் டிடிஒய்யும். எஸ்எஸ்ஹெச் பேனரில் "ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று ஒரு வரி, வேறு எதுவும் இல்லை. ஸ்கிரிப்ட் பெயரில் புள்ளியை எடுத்ததும் எம்ஓடிடியில் பதிப்பு வந்துவிட்டது. டெபியன்பேனரை அப்படியே விட்டுவிட்டேன்.

முடித்துவிட்டு வரிசை வரிசையாக நடந்து திரைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது வரிசையில் 19, 22, 23 மூன்றிலும் மேலே புக்வோர்ம், கீழே 5.10. போன விடுமுறையில் மேம்படுத்திவிட்டு மின்சாரம் போகாததால் இத்தனை நாளாக அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. மூன்றையும் ரீபூட் செய்தேன். 22 மட்டும் எழுந்திருக்கவில்லை, பூட் பகுதியில் இடம் இல்லாததால் புதுக் கெர்னல் தொடங்கத் தேவையான இனிட்ராம்ஃபைஎஸ் கோப்பு பாதியில் நின்றிருந்தது. பூட் தொடக்கத்தில் வரும் க்ரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், தேவையில்லாத கெர்னல்களை நீக்கி, மறுபடி உருவாக்கியதும் சரியானது. இப்போது மூன்றும் 6.1 காட்டுகின்றன.

தேர்வு வெள்ளிக்கிழமை காலை.